மருந்தின் பெயர்

காவிரிக் கரையில் உள்ள ஓர் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். பொருள்களைப் பெயர் சொல்லிக் குறித்தல் வேண்டும் என்பதில் அவர் மிகுந்த கண்டிப்புடையவர். மாணவன் ஒருவன் தன் கட்டுரையில், "ஆற்றங்கரையில் ஒரு மரம் நின்றது" என்று எழுதிவிட்டால், "என்ன மரம்? மருதமா, புங்கா, நாவலா? மரத்துக்குப் பெயரில்லையா? உனக்குக் கண்ணில்லையா?" என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதுவார். "ஏதோ ஒரு பறவை", "ஒரு வகைப் பூ" என்னும் தொடர்கள் அவருடைய பேனாவினின்று தப்பியதில்லை. பெயரை அறியாதவன் பொருளையும் அறியான் என்பது அவர் நாள்தோறும் வகுப்பில் கூறும் சொல். அத்தகையவர், தம் உடம்பினுள் சென்ற ஒரு பொருளின் பெயரைக் கேளாமலே ஏழாண்டுக் காலம் இருந்தார். அந்த ஒரு பிழை அவர் உயிரையே வாங்கிவிடப் பார்த்தது.

1986ஆம் ஆண்டு மார்கழியில் அவருக்குத் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் கண்டன. நாள்தோறும் ஐந்து வகுப்புகளில் உரத்துப் பேசும் ஆசிரியருக்குத் தொண்டை கட்டுதல் புதிதன்று. ஆயினும் அம்முறை எச்சிலை விழுங்கவும் இயலவில்லை. அருகிலிருந்த மருத்துவர் ஐந்து நாளைக்கு மருந்து கொடுத்தார். ஒரு பாதி சிவப்பும் மறுபாதி கறுப்புமாக இருந்த அந்தக் கேப்சூல்களை ஆசிரியர் வேளை தவறாது உட்கொண்டார். தொண்டை ஆறியது. நான்காம் நாள் மாலையில் முதுகிலும் தொடையிலும் தடிப்புகள் எழுந்தன, அரிப்புத் தாளவில்லை. கொசுக்கடி போலத் தோன்றிய தடிப்புகள் ஒன்றோடொன்று கூடி உள்ளங்கை அகலத்திற்குப் பரந்தன. ஓரிடத்தில் அமுங்கி வேறோரிடத்தில் எழுந்தன. அண்டை வீட்டு மூதாட்டி பார்த்த அளவிலேயே, "இது காணாக்கடி" என்றார். கண்ணிற் படாத பூச்சி ஏதோ கடித்துவிட்டது என்பது அப்பெயரின் பொருள். வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுத்தார். வீட்டில் உள்ளோர் அன்று பகலில் உண்டவற்றை எண்ணிப் பார்த்தனர். கத்தரிக்காய்க் கறி நினைவிற்கு வந்தது. அப்பொழுதே கத்தரிக்காயின்மேல் தீர்ப்பு எழுதப்பட்டது. மறுநாளோடு மருந்து முடிந்தது. தடிப்புகளும் இரண்டு நாளில் மறைந்தன. கத்தரிக்காயை விலக்கியதனால்தான் குணமாயிற்று என்று எல்லாரும் நம்பினர். மாத்திரை அட்டை குப்பைக்குப் போயிற்று. அதன்மேல் என்ன பெயர் அச்சிடப்பட்டிருந்தது என்று ஒருவரும் நோக்கவில்லை.

குற்றமற்ற ஒரு காயை ஏழாண்டு வீட்டை விட்டு ஒதுக்கிவைத்த அக்குடும்பத்தைக் கண்டு நகைத்தல் எளிது. ஆனால், உண்ட உணவே நோய்க்கு முதல் என்று எண்ணிப் பழகிய மக்களுக்கு, நோயைத் தீர்க்க வந்த மருந்தின்மேல் ஐயம் எழுவதில்லை. கொடுத்தவர் மருத்துவர், தொண்டையும் ஆறிவிட்டது, பின் அதனை ஐயுறுவது எவ்வாறு?

1993ஆம் ஆண்டு, பள்ளித் தோட்டத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்று ஆசிரியரின் காலிற் குத்தி, புண் சீழ் கொண்டது. இம்முறை பார்த்தவர் இளைய மருத்துவர் ஒருவர். அவர் புண்ணைக் கழுவிக் கட்டினார். மருந்துச் சீட்டு எழுதுமுன் பேனாவை நிறுத்தி, "ஐயா, இதற்கு முன் எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமற் போனதுண்டா?" என்று வினவினார்.

"மருந்து ஒன்றும் இல்லை. கத்தரிக்காய்தான் ஆகாது" என்றார் ஆசிரியர்.

மருத்துவர் புன்முறுவல் செய்து சீட்டை எழுதினார். கேட்கவேண்டிய கேள்வியை மருத்துவர் கேட்டார். அறிந்த விடையை ஆசிரியர் கூறினார். பொய்யே கூறாத ஒருவர் வாயிலிருந்து வந்த பிழையான விடை அது.

அன்றிரவு எட்டு மணிக்கு முதல் கேப்சூலை விழுங்கிவிட்டு, ஆசிரியர் கூடத்து மேசையருகே அமர்ந்து விடைத்தாள் திருத்தத் தொடங்கினார். பத்து நிமிடம் சென்றிருக்கும். உள்ளங்கை அரித்தது, பின் உள்ளங்காலும் அரித்தது. காது மடல்கள் சுட்டன. புண்ணினால் வந்த வெப்பம் போலும் என்று கருதி அடுத்த விடைத்தாளை எடுத்தார். எழுத்துகள் தெளிவாகத் தெரியவில்லை. நாக்குப் பருத்து வாயை நிறைப்பது போல் இருந்தது. தொண்டையில் ஏதோ அடைத்தது, இருமினார், அடைப்பு நீங்கவில்லை. இனித் தாம் பிழைப்பதற்கில்லை என்னும் ஓர் அச்சம், காரணம் இன்னதென்று அறியுமுன்னரே, உள்ளத்திற் புகுந்தது. இத்தகைய ஒவ்வாமையில் அவ்வச்சமும் ஓர் அறிகுறியே என்று மருத்துவர்கள் கூறுவர். மனைவியை அழைக்க வாய் திறந்தார். கடைசி வரிசை மாணவனும் தெளிவாகக் கேட்கத்தக்க குரல் படைத்த அவருடைய தொண்டையினின்று ஒரு கீச்சொலியே வந்தது.

அடுக்களையிலிருந்து வந்த அம்மையார் கணவரின் முகத்தைக் கண்டு திடுக்கிட்டார். உதடும் இமையும் வீங்கி அடையாளமே மாறியிருந்தது. "என்ன செய்கிறது உங்களுக்கு?" என்று கேட்டார். விடை வரவில்லை. ஆசிரியரின் விரல் மேசைமேல் கிடந்த மாத்திரை அட்டையைச் சுட்டியது. அம்மையார் ஐந்தாம் வகுப்பு வரையே படித்தவர். அட்டைமேல் இருந்த ஆங்கில எழுத்துகளை அவரால் படிக்க இயலாது. ஆயினும் அதனை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். எட்டு வயது மகள் எதிர்வீட்டுக்கு ஓடினாள். எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏழாண்டுக்குமுன் குப்பையில் எறிந்த அட்டையை எண்ணி அவ்வாறு முடிந்துகொண்டாரா, வேறு எந்த எண்ணத்தாற் செய்தாரா என்று பின்னாளில் அம்மையாருக்கே சொல்லத் தெரியவில்லை.

மருத்துவமனையை அடைந்தபோது ஆசிரியரின் மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லை. பணியிலிருந்த மருத்துவர் வீங்கிய முகத்தையும் உடலெங்கும் எழுந்த தடிப்புகளையும் பார்த்து, "என்ன சாப்பிட்டார்?" என்றார். அம்மையார் முந்தானையை அவிழ்த்து அட்டையை நீட்டினார். அதன்மேல் அமாக்சிசிலின் என்னும் பெயர் இருந்தது. அதன்பின் ஒரு நொடியும் வீணாகவில்லை. தொடையின் வெளிப்புறத் தசையில் அரை மில்லி அட்ரினலின் ஊசி போடப்பட்டது. எழுந்து உட்கார முயன்றவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினர். மூக்கில் உயிர்வளியும் கை நரம்பில் சலைனும் ஏறின. சில நிமிடங்களில் மூச்சு எளிதாயிற்று. நாடியும் கைக்குத் தட்டுப்பட்டது. ஆயினும் அன்றிரவு அவரை வீட்டுக்கு விடவில்லை. அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து, மருந்தை மீண்டும் உண்ணாமலே, மறுமுறை தலைகாட்டுவதும் உண்டு என்பதே காரணம்.

காலையில் மருத்துவர் கட்டிலருகே அமர்ந்து பழைய கதை முழுவதையும் கேட்டார். கத்தரிக்காயின் வரலாறு வந்தபோது அவர் நகைக்கவில்லை. "அந்தச் சிவப்பும் கறுப்புமான கேப்சூல் ஆம்பிசிலினாக இருந்திருக்கலாம். அது நேற்றைய மருந்துக்கு உடன்பிறப்பு. அன்று உங்கள் உடம்பு அதனை அடையாளம் குறித்துவைத்துக்கொண்டது" என்றார்.

உடம்பு ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்ளுதல் என்பது வெற்றுரையன்று. நோய்க்கிருமிகளினின்று உடம்பைக் காக்கும் காவல் ஒன்று யாவர்க்கும் உண்டு. அம்மை ஒருமுறை கண்டவர்க்கு மறுமுறை பெரும்பாலும் காணாதது அக்காவலின் நினைவாற்றலால் ஆகும். அரிதாகச் சிலரிடம் அக்காவல் தீங்கற்ற ஒன்றைத் தீயதென்று பிழைபடக் குறித்துக்கொள்கிறது. பாரிஸ் நகரத்துச் சார்ல்ஸ் ரிஷே, போல் போர்ட்டியே என்னும் அறிஞர் இருவர் கடல்வாழ் உயிர்களின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தனர். சிறிது சிறிதாகச் செலுத்தினால் நாய்களுக்கு நஞ்சைத் தாங்கும் ஆற்றல் பெருகும் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ வேறு. முதன்முறை தாங்கிய நாய், சில வாரங்களுக்குப்பின் சிறிதளவே செலுத்தியபோது சில நிமிடங்களில் இறந்தது. காத்தலுக்கு எதிரானது என்னும் பொருள்பட அதற்கு அவர்கள் 1902ஆம் ஆண்டு 'அனாபிலாக்சிஸ்' என்று பெயரிட்டனர். ரிஷேவுக்கு 1913ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906ஆம் ஆண்டு ஆக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. இதற்குக் காரணமாக இரத்தத்தில் உள்ள ஒரு வகைப் புரதத்தை, ஜப்பானியக் கணவன் மனைவியரான கிமிஷிகே இஷிசாகா, தெருக்கோ இஷிசாகா என்னும் இருவரும் 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டறிந்து வெளியிட்டனர்.

ஆசிரியருக்கு மருத்துவர் இதனை ஆற்று நீரைக் கொண்டே விளக்கினார். வாய்க்காலில் நீர் ஓரளவு உயரம் நின்றால்தான் கடைமடை வரை பாயும். எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் நீர் வயல்களிற் பரவிப் போகும், வாய்க்கால் வற்றும். உடம்பின் காவல் ஒவ்வாத மருந்தைக் கண்டதும், ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒருங்கே வெளிவிடுகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன; கசிந்த நீர் தோலில் தடிப்பாகவும் முகத்தில் வீக்கமாகவும் தோன்றுகிறது; இரத்த அழுத்தம் வீழ்கிறது; மூச்சுக் குழாய்கள் சுருங்குகின்றன. திறந்த மதகுகளை அடைப்பதும் சுருங்கிய மூச்சுக் குழாய்களை விரிப்பதும் அட்ரினலினின் வேலை. "நேரம் தாழ்ந்தால் அதுவும் பயன்படாது. உங்கள் மனைவி அந்த அட்டையைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று" என்று மருத்துவர் கூறினார். பின்பு ஒரு சிறு சீட்டை எடுத்து, பெனிசிலின் வகை மருந்து எதுவும் இவருக்கு ஆகாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளாக்சசிலின் என்னும் பெயர்களையும் வரிசையாகக் குறித்தார். "இது எப்பொழுதும் உங்கள் சட்டைப் பையில் இருக்கவேண்டும். நேற்றுப்போல் உங்களாற் பேச முடியாமற் போனால், இது பேசும்" என்றார்.

ஆசிரியர் சீட்டை இருமுறை படித்தார். அவர் முகத்தில் அன்று காலை முதன்முதலாக ஒரு தெளிவு தோன்றிற்று. "பகுதி வேறு, விகுதி ஒன்று" என்றார். இலக்கணம் கற்பித்தே காலம் கழித்தவர் அல்லரோ? 'சிலின்' என்று முடியும் மருந்துகள் யாவும் ஒரு குடும்பம் என்பதை அவர் ஒரு நொடியிற் பிடித்துக்கொண்டார். 'செஃப்' என்று தொடங்கும் பெயருடைய மருந்துகள் அக்குடும்பத்துக்குத் தொலைவான உறவு. அவற்றை மருத்துவரிடம் கூறாமல் தொடலாகாது என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டது.

ஆனால் உலகம் இலக்கணப்படி நடப்பதில்லை. அந்நாளில் மருந்து அட்டைகளிற் பெரிய எழுத்தில் விளங்கியது வணிகர் இட்ட பெயர்; மருந்தின் உண்மைப் பெயர் அதன்கீழ்ச் சிற்றெழுத்தில் ஒடுங்கிக் கிடந்தது. வணிகப் பெயரில் விகுதி தெரிவதில்லை. ஆகவே, தலைவலிக்கு ஒரு மாத்திரை வாங்குவதாயினும், மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்த பின்னரே ஆசிரியர் காசு கொடுப்பார். பின்னால் நிற்போர் முணுமுணுப்பர். ஒருமுறை மருந்துக்கடை இளைஞன், "இது பெனிசிலின் இல்லை சார், வேறு மருந்து" என்று உறுதி கூறினான். அட்டையின் மூலையில் ஆம்பிசிலின் என்று இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. கத்தரிக்காயைப் பழித்த ஆசிரியரைப் போலவே அவனும் அறியாமற் சொன்னான். ஆசிரியர் அவனைச் சினவாமல், விகுதி இன்னதென்று கடை வாயிலிலேயே பாடம் நடத்திவிட்டு வந்தார்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. அவற்றுள் முதலில் வைத்து எண்ணப்படுபவன் நோயுற்றவனே. பல்லாண்டு அக்குறளைப் பாடம் சொன்னவர் ஆசிரியர். மருத்துவரை முதலில் வையாமல் நோயாளியை முதலில் வைத்தது ஏன் என்று மாணவர் வினவும்போதெல்லாம், எண்ணுமுறை பற்றியது என்று கூறிக் கடந்துவிடுவது அவர் வழக்கம். 1993க்குப் பிறகு அவ்விடத்தில் அவர் சற்று நேரம் நின்று பேசலானார்.

அவருடன் பணிபுரிந்த கணக்காசிரியர் ஒருவர், தமக்கும் பெனிசிலின் ஆகாது என்று கூறிக்கொண்டிருந்தார். இளமையில் அம்மருந்தை உண்டபோது வயிற்றுப்போக்குக் கண்டதே அவர் காட்டிய சான்று. வயிற்றுப்போக்கு ஒவ்வாமை ஆகாது. பின்னாளில் பெரிய மருத்துவமனை ஒன்றில் முறைப்படி சோதித்துப் பார்த்து, அவருக்கு ஒவ்வாமையே இல்லை என்று கூறிவிட்டனர். இவ்வாறு பிழையாகக் கருதிக்கொண்டிருப்போரே மிகுதி. தமக்குப் பெனிசிலின் ஆகாது என்று கூறுவோரைச் சோதித்தால் 10 பேரில் 9 பேர் அதனைத் தாங்குவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நல்ல மருந்து ஒன்றைக் காரணமின்றி இழப்பதும் இழப்பே. ஆயினும் அச்சோதனையை எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையிலன்றி வீட்டிற் செய்துபார்த்தல் உயிரோடு விளையாடுதலாகும்.

1996ஆம் ஆண்டு, எதிர்வீட்டுக்கு ஓடி ஆள் அழைத்துவந்த அந்தச் சிறுமிக்குப் பதினொரு வயது. தொண்டைப் புண் வந்து ஆறிய சில வாரங்களில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. முழங்கால் வீங்கிற்று, அது வற்றுமுன் கணுக்கால் வீங்கிற்று. வாதக் காய்ச்சல் என்று மருத்துவர் கண்டறிந்தார். மூட்டுகளைத் தொட்டுச் செல்லும் அந்நோய் இதயத்தின் வால்வுகளைப் பழுதாக்கிவிடும் இயல்புடையது; மீண்டும் மீண்டும் வருவது. வாராமல் தடுப்பதற்கு ஒரு வழி உண்டு. 21 நாளுக்கு ஒருமுறை, பல்லாண்டுக் காலம், ஊசி போடவேண்டும். அவ்வூசி பெனிசிலின்.

ஆசிரியர் அன்று வீடு திரும்பி யாரிடமும் பேசவில்லை. தமக்கு ஆகாதது தம் குருதியிற் பிறந்தவளுக்கு மட்டும் ஆகுமா என்று அவர் உள்ளம் உழன்றது. தந்தையின் ஒவ்வாமை மகளுக்கு அம்மருந்தை மறுப்பதற்குப் போதிய காரணமன்று என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். வேறு மாத்திரைகளும் உள்ளன என்றும், ஆயினும் இதயத்தைக் காப்பதில் ஊசியே உறுதியானது என்றும் கூறியிருந்தார். அறிவு அதனை ஏற்றது. விடைத்தாளின் எழுத்து மங்கிய அந்த இரவை நினைத்த நெஞ்சு ஏற்கவில்லை. ஊசி வேண்டாம், மாத்திரையே போதும் என்று சொல்லிவிடலாம் என்று மறுநாட் காலையில் மனைவியிடம் மெல்லத் தொடங்கினார்.

அம்மையார் அரிவாள்மணையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "கத்தரிக்காய் ஆகாது என்று ஏழு வருஷம் ஒதுக்கினோம். அது உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது? இப்போது இந்த ஊசியையும் அப்படி ஒதுக்கப் பார்க்கிறீர்களே. அவளுக்கு அது என்ன செய்தது?" என்று கேட்டார்.

ஆசிரியருக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

முதல் ஊசிக்கு மூவரும் சென்றனர். சிறிதளவு மருந்தைத் தோலினுள் செலுத்திப் பார்த்தனர், தடிப்பு எழவில்லை. அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததை ஆசிரியர் தம் கண்ணாற் கண்ட பின்னரே வெளியில் வந்தார். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கவேண்டும் என்றனர். அந்த அரைமணியில் ஆசிரியர் மகளின் உள்ளங்கையைப் பத்து முறையேனும் திருப்பிப் பார்த்திருப்பார். "அரிக்கிறதா அம்மா? நாக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இடுப்புதான் வலிக்கிறது அப்பா. நீங்கள் கேட்பதை நிறுத்துங்கள்" என்றாள் சிறுமி.

அதன்பின் ஆண்டுக்கு 17 முறை, மழையாயினும் தேர்வாயினும், அவர் அவளைத் தம் மிதிவண்டியின் பின்னால் ஏற்றிச் சென்றார். காத்திருக்கும் அரைமணியில் திருத்துவதற்கென்று விடைத்தாள் கட்டு ஒன்றைத் தவறாமல் எடுத்துச் செல்வார். ஒருநாளும் ஒரு தாளும் திருத்தப்படவில்லை. தம்மைக் கொல்ல வந்த மருந்து தம் மகளின் இதயத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது என்பதை அவர் அறிவார். ஆயினும் செவிலி அச்சிறு குப்பியைக் குலுக்கும் ஓசை கேட்கும்போதெல்லாம் அவருடைய கை தாமாகவே சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும்.

2006ஆம் ஆண்டு மகளுக்கு இருபத்தொரு வயது நிறைந்தது. இதயம் பழுதின்றி இருப்பதாகச் சோதித்துக் கூறி, இனி ஊசி வேண்டா என்று மருத்துவர் விடைகொடுத்தார். கல்லூரியிற் படித்துக்கொண்டிருந்த அப்பெண், வீடு திரும்பியதும், தந்தையின் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையிலிருந்த சீட்டு பதின்மூன்றாண்டு வியர்வையில் நைந்து, மடித்த இடத்திற் கிழிந்து, எழுத்தும் மங்கியிருந்தது. அவள் தடித்த அட்டை ஒன்றை அளவாக வெட்டி, பெயர்களை ஒவ்வொன்றாக அழகிய கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "அமாக்சிலின் என்று எழுதியிருக்கிறாயே. ஓர் எழுத்து எங்கே போயிற்று?" என்றார். மேசையிலிருந்த சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். விடுபட்ட 'சி' என்னும் எழுத்தை அதன் இடத்திற்கு மேலே எழுதினார். மை உலரும்வரை ஊதிவிட்டு, அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.